இராயனுக்கு அபயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிலாத்துவின் முன்னிலையில் பவுல் அபயமிட்டது எந்த ஆண்டு?

பதில்: ரோம ஆளுநர் பிலாத்து கி.பி. 36-ஆம் ஆண்டளவிலேயே யூதேயாவை விட்டுப் போய்விட்டார். அப்போஸ்தலர் பவுல் இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, அபயமிட்டது பிற்கால ஆளுநர் பெஸ்துவின் முன்னிலையில், ஏறக்குறைய 60-ஆம் ஆண்டில். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: பவுலுக்கு விதிக்கப்பட்ட தண்டனை என்ன? எந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்?

பதில்: தீர்ப்பே வரவில்லை, இதைப் பலமுறை எழுதிவிட்டேன். ஆளுநர் பேலிக்ஸ் பவுலை இரண்டு ஆண்டுகள் முடிவு சொல்லாமல் காவலில் வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பின் வந்த பெஸ்து, எருசலேமுக்கு வந்து விசாரிக்கப்படச் சம்மதமா என்று செசரியாவில் கேட்டபோதுதான் பவுல் இராயனுக்கு அபயமிட்டார். கீழ் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு மேல் நீதிமன்றத்துக்குப் போவதே இன்று நாம் மேல்முறையீடு என்பது. ரோமக் குடிமகனின் பழைய உரிமையோ, அதிகாரி சாட்டையையோ வாளையோ ஓங்கும்போது மக்கள் சபையைக் கூவி அழைப்பதாக இருந்தது. பேரரசுக் காலத்தில் மக்களின் இடத்தில் பேரரசர் அமர்ந்தார். அபயமிட்ட குடிமகனை அடிப்பதையும் கொல்வதையும் யூலிய சட்டம் என்ற ரோமச் சட்டம் தடுத்தது. பவுல் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லுக்கும் 'கூவி அழைக்கிறேன்' என்பதே நேர்ப்பொருள். ஆகவே, பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இட்ட 'அபயமிடுகிறேன்' என்ற சொல்லைப் பழசு என்று தள்ளிவிட்டு 'மேல்முறையீடு' என்று திருத்துகிறவர்கள், சட்டத்தையும் மொழியையும் ஒருங்கே கெடுக்கிறார்கள். பெஸ்துவும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆலோசனைக்காரரோடு கலந்துபேசிய பிறகே ரோமாபுரிக்கு அனுப்பச் சம்மதித்தார்.

கேள்வி: அகிரிப்பா அவரை விடுதலை செய்திருக்கலாமே?

பதில்: ரோமுக்குக் கீழ்ப்பட்ட யூத அரசரான அகிரிப்பாவுக்கு யூதேயாவில் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை. பேரரசருக்கு என்ன குற்றச்சாட்டை எழுதுவது என்று தெரியாமல் தவித்த பெஸ்து, யூத வழக்கம் அறிந்தவர் என்பதால் அவரைக் கேட்டார், அவ்வளவே.

கேள்வி: ரோமக் குடியுரிமைக்கு பவுல் என்ன ஆதாரம் காட்டினார்?

பதில்: ஆதாரம் காட்டியதாக நடபடிகளில் இல்லை. பொய்யாக உரிமை கொண்டாடியவர்களைக் கிலவுதியு பேரரசர் கொல்வித்ததுண்டு. எனவே விளையாட்டாகச் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல அது. மிகுந்த பணம் கொடுத்து அவ்வுரிமையைப் பெற்ற எருசலேமின் ரோமச் சேனாபதி லீசியா, பவுல் பிறப்பிலேயே குடிமகன் என்று கேட்டதும் அவரைக் கட்டுவித்ததற்காகப் பயந்தார்.

கேள்வி: பேரரசர் நீரோ என்ன தீர்ப்புச் சொன்னார்?

பதில்: பவுல் ரோமாபுரியில் வாடகை வீட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்தார் என்பதோடு நடபடிகள் நின்றுவிடுகிறது. பிற்காலப் பாரம்பரியத்தை அதற்குள் நுழைக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்.