ஐஎஸ்ஓ 14001 வாங்கிய பிறகு மின் நிறுவனத்தில் இன்னும் என்ன மேம்படுத்துவது?

சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14001 தரநிலைச் சான்றிதழ் இருக்கிறது, ஆண்டுதோறும் தணிக்கையும் தேறுகிறது, ஆனால் ‘தொடர் மேம்பாடு’ என்ற தலைப்பில் எழுத எதுவும் இல்லை என்கிறீர்கள். பராமரிப்பில் சில வருடம் இருந்துவிட்டுச் சுற்றுச்சூழல் பிரிவுக்கு வந்தவன் நான். முதலில் பராமரிப்புப் பதிவேட்டை வாங்கிப் புரட்டுங்கள்.

எங்கள் சுவிட்ச்யார்டில் பிரேக்கர் ஒன்று, அதாவது மின்சுற்றைத் துண்டிக்கும் கருவி; உள்ளே எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு) என்ற மின்காப்பு வாயு இருக்கும். அழுத்தம் இறங்கினால் அலாரம் அடிக்கும், ஆட்கள் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு போய் நிரப்புவார்கள், பதிவேட்டில் ‘வாயு நிரப்பப்பட்டது, இயல்பு நிலை’ என்று ஒரு வரி விழும். ஒரே வருடத்தில் அதே பிரேக்கருக்கு அதே வரி நான்கு முறை. பராமரிப்புக்கு அதோடு வேலை முடிந்தது, எங்கள் கோப்பிலோ கசிவு என்ற பேச்சே இல்லை. பூமியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ எஸ்எஃப்6 ஏறத்தாழ 23,500 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அந்த வருடம் எங்கள் இலக்கு அலுவலகக் காகிதத்தைக் குறைப்பது; நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், நிரப்புவதற்கு முன்னும் பின்னும் சிலிண்டரை எடை போட்டு, எந்த பிரேக்கருக்கு எத்தனை கிலோ போனது என்று எழுதச் சொன்னோம். அவ்வளவுதான். தேய்ந்துபோன ஒரு சீல்தான் காரணம் என்று பிடிக்க அதிக நாள் ஆகவில்லை.

தரநிலையின் 2015 பதிப்பில் 10.3 பிரிவு, சுற்றுச்சூழல் மேலாண்மை முறையை மேம்படுத்துவதே சுற்றுச்சூழல் செயல்திறன் உயரத்தான் என்கிறது. எவ்வளவு உயர வேண்டும் என்று தரநிலை சொல்வதில்லை, அதை நிறுவனமே வைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் சுலபமான இலக்கை வைத்துக்கொண்டு வருடக்கணக்காகத் தேறிக்கொண்டே இருக்க முடிகிறது. 10.2 பிரிவையும் நிதானமாகப் படியுங்கள்: பிழைக்குக் காரணம் என்ன, அதே பிழை வேறு இடத்திலும் இருக்கிறதா, எடுத்த நடவடிக்கை பலித்ததா என்று மூன்றையும் கேட்கிறது. ‘ஊழியருக்கு அறிவுறுத்தப்பட்டது’ என்று எழுதி மூடிய பிழைகளை எல்லாம் மறுபடி திறந்து பாருங்கள், பாதிக்கு மேல் மூடியிருக்கவே கூடாது என்பது என் அனுபவம்.

இன்னொன்று, சீல் மாற்ற பிரேக்கரை நிறுத்தியாக வேண்டும், அந்த முடிவு உங்கள் கையில் இல்லை. ஷட்டவுன் வேலைப் பட்டியல் எப்போது இறுதியாகிறது என்று இயக்கப் பிரிவில் விசாரித்து, அதற்கு முந்தைய நிர்வாக ஆய்வுக் கூட்டத்திலேயே கிலோ கணக்கை வைத்துவிடுங்கள். பட்டியல் மூடிய பிறகு போனால் அடுத்த ஷட்டவுன் வரை அது கசிந்துகொண்டேதான் இருக்கும்.