கொய்யாவில் புள்ளியா? மருந்தடிக்கும் முன் காயை நறுக்குங்கள்

வீட்டுக் கொய்யா மரத்தில் காயெல்லாம் கரும்புள்ளியாக இருக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து அப்புறம். முதலில் புள்ளி விழுந்த காய் ஒன்றைப் பறித்து நறுக்கிப் பாருங்கள்.

புள்ளி தடித்துச் சொரசொரப்பாக இருந்து, உள்ளே சதை மட்டும் நன்றாக இருந்தால் பெரும்பாலும் தேயிலைக் கொசு நாவாய்ப்பூச்சிதான். மதுரையில் எங்கள் வீட்டு மரத்திலும் இதே தொல்லைதான். பிஞ்சிலேயே குத்திச் சாறு உறிஞ்சிவிடும். குத்திய இடம் காய் பெருக்கப் பெருக்கத் தக்கையாகி வெடிக்கும். காலையிலோ சாயங்காலமோ தளிர்ப் பக்கம் தேடுங்கள்: ஒல்லியான உடம்பு, நீளமான மீசை, முதுகில் குண்டூசி செருகியது மாதிரி ஒரு முள். தோலைச் சீவிவிட்டுக் காயைத் தாராளமாகச் சாப்பிடலாம். வேப்பங்கொழுந்து கருகுவதற்கும் இந்தப் பூச்சி ஒரு காரணம். வேம்பையே விடாத பூச்சிக்கு வேப்பெண்ணெயை மட்டும் நம்பி இருக்க எனக்கு மனசில்லை. காய் நெல்லிக்காய் அளவில் இருக்கும்போதே துணிப்பையோ காகித உறையோ கட்டிவிடுங்கள். அடர்ந்த கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து உள்ளே வெயில் விழ விடுங்கள்.

ஊசித் துளை மாதிரி இருந்து, நறுக்கினால் புழு நெளிகிறதா? அது பழ ஈ. விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழு மேலே வந்து காயும். இதற்கும் உறை உதவும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் புள்ளி குழிந்து கறுத்து, பழுக்கப் பழுக்கப் பரவினால் அது பூஞ்சாணம். அழுகிய காயையும் காய்ந்த குச்சியையும் அகற்றிவிட்டு ஒரு சதவீத போர்டோ கலவை அடிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராம், சுட்ட சுண்ணாம்பு 10 கிராம். பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாகக் கரைத்து, சுண்ணாம்பில் துத்தக் கரைசலை ஊற்றுங்கள். துருவில்லாத இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும், முற்றிய காய்களை முன்னதாகவே பறித்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் எடுத்துத் தரும் ஏதோ ஒரு பூச்சிமருந்தைப் பிள்ளைகள் பறித்துத் தின்கிற மரத்தில் அடிக்க வேண்டாம். நறுக்கியும் பிடிபடவில்லை என்றால் நாலு காயும் இலையும் எடுத்துக்கொண்டு மதுரை ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்குப் போய்க் காட்டுங்கள்.