1984-85இல் வெரோனா பட்டம் வென்றது நடுவர் குலுக்கலால்தானா?

கேள்வி இதுதான்: "இத்தாலியின் முதல் பிரிவுக் கால்பந்து லீக்கான சீரி ஆவில் 1984-85 சீசனில் மட்டும் நடுவர்களைக் குலுக்கல் முறையில் போட்டார்கள். அந்த ஒரே சீசனில்தான் ஹெல்லாஸ் வெரோனா சாம்பியன் ஆனது. அப்படியானால் அது குலுக்கல் தந்த பட்டம்தானே?"

வெரோனாவின் ஃபார்வர்ட் எல்க்யேர் ஒரு காலில் ஷூ இல்லாமல் கோல் அடிக்கும் அந்தச் சின்ன வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே யாரோ எழுதியிருந்த குலுக்கல் கதையைப் படித்துவிட்டு இங்கே கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் இந்தக் கதையை இப்படியே விட்டுவிட முடியாது. முப்பது ஆட்டங்கள் ஆடி வாங்கிய பட்டத்தை ஒரு பெட்டிக்குள் போட்ட சீட்டுக்குத் தூக்கிக் கொடுப்பது நியாயமே இல்லை.

முதலில் உண்மையான பகுதி. குலுக்கல் நடந்தது உண்மை. வழக்கமாக எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பதை அதற்கென்று இருக்கும் பொறுப்பாளர் முடிவு செய்வார். இதில் பெரிய கிளப்புகளுக்குச் சாய்வு இருக்கிறது என்பது இத்தாலியில் பல காலப் புகார். 1980இல் பந்தய சூதாட்ட ஊழல் வெடித்து மிலான், லாட்சியோ இரண்டையும் இரண்டாம் பிரிவுக்கு இறக்கிய பிறகு, யாரும் எதையும் நம்பாத நிலை. அந்தச் சூழலில்தான் 1984-85இல் குலுக்கல் வந்தது. அடுத்த சீசனிலேயே பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள். தேதிகள் பொருந்துவதால் கதை கவர்ச்சியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது முன்னும் பின்னும் பாருங்கள். பயிற்சியாளர் ஒஸ்வால்டோ பன்யோலி 1981இல் வெரோனாவுக்கு வந்தபோது அணி இரண்டாம் பிரிவில் இருந்தது. 1982இல் மேலே ஏறியது. ஏறிய முதல் சீசனான 1982-83இலேயே 4ஆம் இடம். 1983லும் 1984லும் இத்தாலியக் கோப்பையின் இறுதிவரை போய், முதல் முறை யுவென்டஸிடமும் அடுத்த முறை ரோமாவிடமும் தோற்றது. பட்டத்துக்குப் பிறகு, 1986-87இல் மறுபடி 4ஆம் இடம். இந்த எல்லாச் சீசன்களிலும் நடுவர்களைப் பொறுப்பாளர்தான் ஒதுக்கினார். குலுக்கலுக்கு முன் 4, குலுக்கலுக்குப் பின் 4 என்று நிற்கும் அணியை ஒரு வருடத்து அதிர்ஷ்டசாலி என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

"4ஆம் இடமும் முதல் இடமும் ஒன்றா?" என்று கேட்பவர்கள் வருவார்கள். ஒன்றில்லைதான். அந்த இடைவெளி எப்படி நிரம்பியது என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கான பதில் 1984 கோடையில் வந்த இரண்டு பேரிடம் இருக்கிறது. ஒரு அணிக்கு இரண்டு வெளிநாட்டவர்தான் அனுமதி. நாப்போலி மரடோனாவை வாங்கியது. யுவென்டஸில் பிளாட்டினி, உதினேசேவில் ஜிகோ, இன்டரில் ரும்மெனிகே, ஃபியோரென்டினாவில் சாக்ரடீஸ், ரோமாவில் ஃபால்கோ. வெரோனா வாங்கியவர்கள் டென்மார்க்கின் பிரெபென் எல்க்யேர், மேற்கு ஜெர்மனியின் ஹான்ஸ்-பீட்டர் பிரீகல். பெயர்களை வைத்துப் பார்த்தால் இதில் சாதாரண வாங்கல் இதுதான். தேவையை வைத்துப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான வாங்கல் அந்த வருடம் யாரும் செய்யவில்லை.

பிரீகல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனி அணியில் அவர் இடது பேக். சிறுவயதில் தடகள வீரர். ஆளும் பெரிது, ஓட்டமும் நிற்காது. பன்யோலி அவரை நடுக்களத்துக்கு ஏற்றினார். முதல் ஆட்டம் 1984 செப்டம்பர் 16, எதிரே நாப்போலி, மரடோனாவுக்கு சீரி ஆவில் முதல் நாள். அவரைப் பிடிக்கும் வேலை பிரீகலுக்கு. ஒரு பெரிய ஆட்டக்காரரை ஆள் வைத்துப் பிடிக்கும்போது வழக்கமாக நடக்கும் தவறு என்னவென்றால், பிடிப்பவர் 90 நிமிடமும் அதை மட்டுமே செய்வார். அணி பத்து பேராகிவிடும். பிரீகல் அப்படி ஆடவில்லை. பந்து வெரோனாவிடம் வந்த நொடியில் மரடோனாவை விட்டுவிட்டு எதிரணி கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்கு ஓடினார். மரடோனா அவர் பின்னால் ஓடி வரப் போவதில்லை. அதனால் ஒவ்வொரு தாக்குதலிலும் நாப்போலிக்கு யாரும் கவனிக்காத ஒரு ஆள் கூடுதலாக வந்து நின்றார். முதல் கோல் அவருடையது, இரண்டாவது கல்தெரீசி, மூன்றாவது தி ஜென்னாரோ. 3-1. அந்த சீசனில் பிரீகல் அடித்தது 9 கோல். நடுக்களத்தில் ஆடுபவருக்கு, அந்தக் கால இத்தாலியில், இது மிகப் பெரிய எண்.

மொத்த அமைப்பும் அதே கணக்குதான். கோல்கீப்பர் கரெல்லா. அவருக்கு முன்னால் லிபரோவாக, அதாவது தனக்கென்று ஒரு ஆளைப் பிடிக்காமல் தடுப்புவரிசைக்குப் பின்னால் நிற்பவராக, கேப்டன் திரிசெல்லா. ஃபொன்தொலான் நடுவில் எதிரணி சென்டர் ஃபார்வர்டைப் பிடிப்பார். ஃபெர்ரோனி வேகமான இன்னொரு ஃபார்வர்டைப் பிடிப்பார். இடது பக்கம் மரன்கோன், பிடிக்கும் வேலையைவிட ஏறிப்போகும் வேலை அவருக்கு அதிகம். நடுவில் வொல்பாத்தி, தி ஜென்னாரோ, பிரீகல். வலது ஓரம் ஃபன்னா. முன்னால் கல்தெரீசி, எல்க்யேர். மாற்றாக ப்ரூனி, சக்கெத்தி இருந்தாலும் இந்தப் பதினொன்று பெரிதாகக் கலையவே இல்லை.

பந்தைப் பறித்ததும் திரிசெல்லா அதை உதைத்துத் தள்ளாமல் தானே பத்து இருபது அடி கொண்டுபோவார். ஆள் பிடித்து ஆடும் லீக்கில் லிபரோவை யாரும் பிடிப்பதில்லை, அதனால் அவருக்கு எதிரே வர வேண்டுமென்றால் யாராவது தன் ஆளை விட்டுவிட்டு வர வேண்டும். அப்படி விடப்பட்டவர் பெரும்பாலும் தி ஜென்னாரோவாக இருப்பார். அவர் பந்தை வலது ஓரத்தில் ஃபன்னாவுக்கு நீட்டுவார். ஃபன்னா ஓடும்போதே எல்க்யேர் சென்டர் பேக்கை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் போவார். குள்ளமான கல்தெரீசி அந்த இடைவெளியில் நுழைவார். பின்னாலிருந்து கடைசியாக பிரீகல் வந்து சேர்வார். கோல் கணக்கு இதை அப்படியே காட்டுகிறது: கல்தெரீசி 11, பிரீகல் 9, எல்க்யேர் 8. அணி அடித்த மொத்தம் 42 கோலில் 28.

இதில் ஆபத்து எங்கே என்றால், லிபரோ ஏறிப்போன நேரத்தில் பந்து பறிபோனால் பின்னால் ஓட்டை. அதை அடைக்கத்தான் வொல்பாத்தி. திரிசெல்லா ஒரு அடி முன்னால் வைத்தால் இவர் ஒரு அடி பின்னால் வைப்பார். வீடியோத் தொகுப்புகளில் இவர் முகமே வராது. அணி ஆடிய விதத்தில் பாதி இவர் காலில்தான் இருந்தது. உதினேசேவின் ஊரான உதினேயில் மட்டும் ஒருநாள் ஆட்டம் தாறுமாறாகத் திறந்துகொண்டது. 3-0 என்று முன்னிலையில் இருந்த வெரோனா 3-3 ஆக விட்டது, பிறகு 5-3 என்று வென்றது. அந்த ஒரு ஆட்டத்தை விட்டால் அந்தப் பின்வரிசை குலைந்து பார்ப்பது அரிது. 30 ஆட்டங்களில் வாங்கிய கோல் 19தான். லீக்கிலேயே குறைவு. அடித்ததில் யுவென்டஸ் இவர்களைவிட மேலே. பட்டம் வந்தது இந்த 19ஆல்தான்.

இப்போது குலுக்கல் வாதத்தைப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். வெரோனா 15 வெற்றி, 13 டிரா, 2 தோல்வி, 43 புள்ளி. டொரினோ 39, இன்டர் 38, சம்ப்டோரியா 37. தோற்ற இரண்டும் யாரிடம்? முதல் சுற்றின் கடைசி ஆட்டத்தில் அவெல்லினோவிடம் வெளியூரில் 1-2. இரண்டாம் சுற்றில் டொரினோவிடம் சொந்த மைதானத்தில் 1-2. அதாவது யுவென்டஸ், இன்டர், மிலான், ரோமா, நாப்போலி என்று யாருடைய பெயரைச் சொன்னாலும், வீட்டிலும் வெளியிலும், ஒருவரிடமும் தோற்கவில்லை. முதல் 15 ஆட்டங்களில் 22 புள்ளி, அடுத்த 15இல் 21. ஒரு மாதம் பற்றிக்கொண்டு அணைந்த தீ இல்லை இது. தினமும் ஒரே அளவு எரிந்த அடுப்பு.

குலுக்கல் யாருக்கும் புள்ளி தராது. பெரிய கிளப்புக்குச் சாய்வு இருந்தது என்று நீங்கள் நம்பினால், குலுக்கல் அந்தச் சாய்வை எடுத்தது என்று மட்டும்தான் சொல்ல முடியும். அப்படியென்றால் 16 அணிகளும் சமமாக நின்ற சீசனில் வெரோனா முதலில் வந்தது என்றுதான் அர்த்தம். சாய்வே இல்லை என்று நம்பினால் குலுக்கலால் எந்த வித்தியாசமும் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் பட்டம் வெரோனாவுடையதுதான். குலுக்கலால் பயன் கிடைத்திருக்கவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. பயன் என்றால் அது உதினேசேவுக்கும் அஸ்கோலிக்கும் அதே அளவு கிடைத்தது. அஸ்கோலி அந்த வருடம் இறங்கிப் போனது.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். பழைய சீசன்களை இன்றைய மூன்று புள்ளி முறையில் மறுபடி கணக்குப் போட்டு "உண்மையான சாம்பியன் யார்" என்று பட்டியல் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. இத்தாலியில் வெற்றிக்கு மூன்று புள்ளி வந்தது 1994-95இல். அதுவரை வெற்றிக்கு 2, டிராவுக்கு 1. வெளியூரில் ஒரு டிரா என்பது பாதி வெற்றி. அந்த விலைக்குத்தான் அணிகள் ஆடின. கடைசி இருபது நிமிடம் பந்தைப் பின்னால் சுற்றுவதா, ஆளை முன்னால் அனுப்புவதா என்பதெல்லாம் அந்த விலையை வைத்து எடுத்த முடிவுகள். விலையை இப்போது மாற்றிவிட்டுப் பழைய முடிவுகளை எடைபோடுவது தப்பு. சரி, போட்டே பார்த்தாலும் வெரோனா 58, டொரினோ 53. 4 புள்ளி இடைவெளி 5 ஆகிறது. டொரினோ ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர்களுடையதும் அருமையான சீசன்தான்.

ஷூ கதைக்கு வருகிறேன். 1984 அக்டோபர் 14, எதிரே நடப்புச் சாம்பியன் யுவென்டஸ். முதல் கோல் கல்தெரீசியின் ஹெட்டர். அவரும் ஃபன்னாவும் யுவென்டஸிலிருந்து வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. பிறகு எல்க்யேர் இடது பக்கம் தனியாக ஓடுகிறார், யுவென்டஸின் பியோலி காலை நீட்டியதில் வலது ஷூ கழன்றுவிடுகிறது, ஓட்டத்தை நிறுத்தாமல் உள்ளே வெட்டி அந்த வெறும் காலாலேயே உதைக்கிறார். 2-0. எல்லோரும் ஷூவைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, ஆட்டம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லாத நேரத்தில் ஒரு ஃபார்வர்டால் அப்படி ஓட முடிந்ததைத்தான்.

கரெல்லாவைப் பற்றியும் ஒரு பழியைத் துடைக்க வேண்டும். காலால் தடுப்பவர், அழகில்லாதவர், அதற்குமுன் லாட்சியோவில் கோல் விட்டவர் என்று அவரைக் கேலி செய்தே எழுதுவார்கள். கோல்கீப்பரின் வேலை பந்தைக் கோலுக்குள் விடாமல் இருப்பது. கிட்டத்திலிருந்து தரையோடு வரும் உதைக்குக் கை இறங்குவதற்குள் கால் போய்ச் சேரும். அதைக் கூச்சப்படாமல் செய்தவர் அவர். 19 கோல்தான் விட்டார். 1985இல் நாப்போலிக்குப் போனார், 1987இல் நாப்போலியின் முதல் பட்டத்திலும் கோலில் நின்றவர் அவரே. மரடோனாவுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்கு கிடைத்திருக்கலாம். 2022 ஆகஸ்டில் இறந்தபோதும் கால் கதையைத்தான் எழுதினார்கள்.

பட்டம் உறுதியானது 1985 மே 12, அட்டலாண்டாவின் ஊரான பெர்கமோவில். அட்டலாண்டா முதலில் கோல் அடித்தது. இடைவேளை முடிந்து சில நிமிடங்களில் எல்க்யேர் சமன் செய்தார். 1-1. தேவைப்பட்டது ஒரு புள்ளி, அது கிடைத்தது. ஒரு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே சாம்பியன். கடைசி ஆட்டத்தில், முதல் சுற்றில் தங்களைத் தோற்கடித்த அவெல்லினோவை 4-2 என்று வென்றார்கள். மாநிலத் தலைநகராக இல்லாத ஊரின் அணி பட்டம் வென்றது, ஒரே பட்டியலாக லீக் நடக்கத் தொடங்கிய 1929-30 முதல் இன்றுவரை இந்த ஒரு முறைதான்.

பிறகு ஏன் தொடரவில்லை என்று அடுத்து கேட்பீர்கள். ஃபன்னாவும் மரன்கோனும் இன்டருக்குப் போனார்கள், கரெல்லா நாப்போலிக்கு. பதினொருவரில் மூன்று பேர், அதுவும் வலது ஓரம், இடது ஓரம், கோல். 1985-86இல் 10ஆம் இடம். ஐரோப்பியக் கோப்பையில் கிரேக்கத்தின் பாவோக்கைத் தாண்டி, இரண்டாம் சுற்றில் யுவென்டஸிடம் சிக்கினார்கள். வெரோனாவில் 0-0, யுவென்டஸின் ஊரான டூரினில் ரசிகர்கள் இல்லாத மைதானத்தில் 0-2.

1984 செப்டம்பர் நாப்போலி ஆட்டம் முழுதாகக் கிடைத்தால், மரடோனாவிடம் பந்து இல்லாத நேரத்தில் பிரீகல் எங்கே நிற்கிறார் என்று மட்டும் முதல் பாதி முழுக்கப் பாருங்கள். இரண்டாம் பாதியில் வொல்பாத்தியைப் பாருங்கள்.