அழுகண்ணியை மாடித்தோட்டத்தில் வளர்க்கலாமா?

அன்புள்ள ஐயா,

மழைக்காலத்தில் குடும்பத்தோடு நீலகிரியில் உள்ள அவலாஞ்சி போயிருந்தோம். சாலையோரச் சதுப்பில், புல்லுக்கு நடுவே ஒரு சின்னஞ்சிறு செடி. இலைகளில் பசைத்துளிகள், உச்சியில் வெள்ளைப் பூ. அழுகண்ணி, அரிய மூலிகை என்றார் என் மாமனார். அடுத்த முறை வேரோடு எடுத்துவந்து மாடித்தோட்டத்தில் வைக்க ஆசை. என்ன உரம் போடலாம்?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

தயவுசெய்து எடுத்துவராதீர்கள். உங்கள் மாமனார் சொன்னது சரி. பூச்சி உண்ணும் டிரோசெரா வகைச் செடிகளுக்கு அழுகண்ணி என்ற பெயர் உண்டு. நீங்கள் பார்த்தது, நிமிர்ந்து வளரும் டிரோசெரா பெல்டேட்டாவாக இருக்க வேண்டும்.

உரம்தான் அதற்கு எமன். தழைச்சத்து அற்றுப்போன புளித்த மண்ணில் பிழைக்கத்தான் அது பூச்சி பிடிக்கவே கற்றது. பிறை போன்ற இலையின் விளிம்பில் சிவந்த மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பசைத்துளி. கொசு ஒன்று ஒட்டித் துடித்தால் பக்கத்து மயிர்களும் மெல்ல வளைந்து அதன்மேல் கவியும். பிறகு சில நாட்களுக்குச் செரிமானம். மழைத்துளி எத்தனை விழுந்தாலும் இந்த மயிர்கள் அசைவதில்லை. இதன் ஐரோப்பிய உறவுச் செடியில் டார்வின் இதைச் சோதித்து 1875-இல் எழுதியிருக்கிறார். எனக்கு இன்றும் தீராத வியப்பு இது.

கோடையில் தண்டு காய்ந்துவிடும். மண்ணுக்குள் சிறு கிழங்கு மட்டும் காத்திருக்கும். நீங்கள் தோண்டினால் போவது அந்தக் கிழங்குதான். குழாய்த் தண்ணீரின் உப்பையும் திருப்பூர் வெயிலையும் அது தாங்காது. காப்புக்காட்டில் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றமும்கூட.

அது நின்ற மண்ணையும் சொல்ல வேண்டும். எப்போதும் நீர் தேங்குவதால் அங்கே செத்த புல் முழுதாக மக்குவதில்லை. கறுத்து, அடுக்கடுக்காகப் படிகிறது. பீட் என்பது அதுதான். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் இப்படிப் படிந்த பீட்டைக் கொண்டு, சுமார் 20,000 ஆண்டுகளில் நீலகிரியின் பருவநிலை மாறிய விதத்தை அறிவியலாளர்கள் 1993-இல் வெளியிட்டார்கள். அத்தகைய சதுப்புகளைத்தான் வாய்க்கால் வெட்டி வடித்து கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டோம். புல்வெளிகளில் வாட்டில் எனப்படும் அயல்நாட்டுச் சீகை மரத்தை நட்டோம். நீர் வடிந்தால் பீட் காய்ந்து மக்கத் தொடங்கும். அழுகண்ணிக்கு அங்கே இடமில்லை. நீங்கள் ஒரு செடியை எடுப்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அடுத்த முறை ஒரு உருப்பெருக்குக் கண்ணாடியோடு போங்கள். சதுப்பை மிதிக்காமல் ஓரத்தில் குந்தி, மாமனாரையும் குழந்தைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் வந்தபின் போனால் பூ விரிந்திருக்கும்.