பெங்களூரு கோஷீஸ் உணவகத்தில் பார் இருக்கிறதாமே, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா? என்ன சாப்பிடலாம்?

தாராளமாகப் போகலாம். நான் என் அம்மாவையே அழைத்துப் போயிருக்கிறேன்.

தயக்கம் புரிகிறது. நம் ஊரில் பாருக்குப் போவது என்றால் டாஸ்மாக்கை ஒட்டிய கொட்டகைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கிளப்புக்கோ நட்சத்திர ஓட்டலின் இருட்டு அறைக்கோ போக வேண்டும். உரிமமே பெரும்பாலும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். கர்நாடகத்தில் சாதாரண உணவகம்கூட சிஎல்-9 என்கிற பார் அண்ட் ரெஸ்டாரன்ட் உரிமம் வாங்கிக்கொண்டு சோறும் போடலாம், பீரும் ஊற்றலாம். அதற்காக அந்தப் பலகை மாட்டிய எல்லா இடத்துக்கும் அம்மாவைக் கூட்டிப் போய்விடாதீர்கள். பஸ் ஸ்டாண்ட் இருக்கும் மெஜஸ்டிக் பக்கம் சில இடங்களுக்கு நானே தனியாகப் போக யோசிப்பேன்.

கோஷீஸ் வேறு ரகம். செயின்ட் மார்க்ஸ் ரோட்டில் இருக்கிறது, கேரளத்துக் குடும்பம் நடத்துவது, 1940-இல் பேக்கரியாகத் தொடங்கியது. இப்போது மூன்றாம் தலைமுறை. உள்ளே இரண்டு பகுதிகள். ஏசி போட்ட ஜுவல் பாக்ஸ் ஒன்று, ஏசி இல்லாத பரேட் கஃபே இன்னொன்று. வெளியூர்க்காரர்கள் ஏசியைப் பார்த்ததும் அந்தப் பக்கம் ஒதுங்குவார்கள். என் பேச்சைக் கேட்டால் பரேட் கஃபேயில் உட்காருங்கள். உயரமான கூரை, சுவரில் பழைய பெங்களூரின் கறுப்பு வெள்ளைப் படங்கள், வெள்ளை உடுப்பில் சர்வர்கள். ஒரு மேசையில் வக்கீல்கள் காபியோடு வழக்கு பேசுவார்கள், பக்கத்தில் ஒரு பெரியவர் மதியத்துக்கு முன்னாலேயே பீர் வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார், அதற்கடுத்த மேசையில் ஒரு குழந்தை சிரித்த முக வடிவில் பொரித்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருக்கும் (மெனுவில் அதன் பெயர் ஸ்மைலி). யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இது எழுத்தாளர்கள், பத்திரிகைக்காரர்கள், நாடகக்காரர்களின் அரட்டை இடம் ஆனதற்கு ஒரு காரணம், பிரிட்டிஷ் கவுன்சில் நூலகம் பல ஆண்டுகள் இதே கட்டடத்தில் இருந்தது. புத்தகத்தை மாற்றிக்கொண்டு இறங்கியதும் ஒரு காபி. நூலகம் இடம் மாறிவிட்டது, வந்தவர்கள் பழக்கத்தை விடவில்லை. வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா இங்கே வாடிக்கையாக வருபவர், எழுதியும் இருக்கிறார். நேரு வந்தார், எலிசபெத் ராணி வந்தார் என்று பழைய வாடிக்கையாளர்கள் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். சும்மா கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அம்மா கதை. எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். வாசலில் நின்றபோதே “இது குடிக்கிற இடமாக்கும்?” என்று என் கையைப் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆப்பமும், தேங்காய்ப்பால் ஊற்றிய மட்டன் ஸ்டூவும் வந்தன. ஒரு வாய் வைத்துவிட்டு சர்வரைக் கூப்பிட்டாள். “தம்பி, ஒண்ணாம் பால் கடைசியிலதான ஊத்தினது?” அவர் மலையாளி, எங்கள் அம்மா வயதுதான் இருக்கும். தம்பி என்று கூப்பிட்டதில் சந்தோஷமோ என்னமோ, “ஆமா அம்மா, கொதிக்க விட மாட்டோம்” என்று தமிழிலேயே சொன்னார். அப்புறம் அவர்கள் இருவரும் தேங்காய் விலையைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பின்மேசையில் ரம் ஊற்றிக்கொண்டிருந்தது அவள் கண்ணிலேயே படவில்லை.

சாப்பாட்டைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னால், நகரத்திலேயே ஒசந்த சாப்பாடு இதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மெனு நீளம். கேரளத்து சிரியன் கிறிஸ்தவ வீட்டுச் சமையல், ஆங்கிலோ இந்திய அயிட்டம், வட இந்திய கிரேவி, சைனீஸ் என்று எல்லாம் கிடக்கும். கடைசி இரண்டும் எங்கேயும் கிடைப்பவை, விட்டுவிடுங்கள். ஆப்பம்-ஸ்டூ, கட்லெட், மீன் பிரியாணி, டோஸ்ட் மேல் வைத்த ஈரல், கடைசியில் கேரமல் கஸ்டர்ட். இந்த வட்டத்துக்குள் நின்றால் ஏமாற மாட்டீர்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர் என்றால் பீன்ஸ் ஆன் டோஸ்ட்டும் காபியும் போதும், முழுச் சாப்பாட்டுக்கு வேறு இடம் பாருங்கள். வகை வகையாகக் கிராஃப்ட் பீர் வேண்டும் என்பவர்கள் இந்திராநகர் போகட்டும். இங்கே பீர், ரம், ஜின் என்று பழைய சங்கதிகள்தான்.

அவசரம் இருந்தால் போக வேண்டாம். ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுப்பாத இடத்தில், நாமும் சர்வரை விரட்டக்கூடாது. வார இறுதி மாலையில் இடம் கிடைப்பது கஷ்டம். அம்மாவோடு என்றால் காலை நேரம்தான் சரி. எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கி சர்ச் ஸ்ட்ரீட் வழியாக நடந்து வாருங்கள், அந்தத் தெரு முடியும் இடத்துக்குப் பக்கத்திலேயே கோஷீஸ். ஆனால் வழியில் பிளாசம், புக்வார்ம் இரண்டு புத்தகக் கடைகளும் இருக்கின்றன. சாப்பிட்டு முடித்த பிறகு அவற்றைப் பாருங்கள், முதலில் நுழைந்தால் ஆப்பம் தீர்ந்துவிடும்.