வீட்டு வைஃபையில் விளம்பரத் தடுப்பு: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: அண்ணா, என் மாமியார் டேப்லெட்டில் பக்திப் பாட்டும் பஞ்சாங்கமும் பார்ப்பார். நடுவில் 'உங்கள் போனில் வைரஸ்' என்று விளம்பரம் வந்தால் நிஜம் என்று நம்பி அழுத்திவிடுவார். அதனால் மகன் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதில் விளம்பரத்தைத் தடுக்கும் பை-ஹோல் போட்டு ரவுட்டரோடு இணைத்தான். விளம்பரம் நன்றாகவே குறைந்துவிட்டது. ஆனால் யூடியூபில் மட்டும் அப்படியே வருகிறது. கரண்ட் போய் வந்தால் சில நேரம் நெட்டே கிடைப்பதில்லை. மகன் படிப்புக்காக பிரிட்டோரியா போகிறான். எங்களுக்கு அதைத் தொடவே பயம். கழற்றிவிடலாமா?
வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: கழற்றாதீர்கள் தங்கச்சி. மகன் செய்தது நல்ல காரியம். ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. தான் ஊரில் இல்லாதபோதும் வீட்டில் இருப்பவர்கள் அதைச் சமாளிக்கும்படி செய்துவிட்டுத்தான் அவன் கிளம்ப வேண்டும்.

முதலில் அந்தச் சின்னப் பெட்டி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், பயம் போய்விடும். டேப்லெட் ஒரு தளத்தைத் திறக்கும் முன், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரி என்ன என்று டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி பை-ஹோலிடம் போகிறது. விளம்பரக் கம்பெனிகளின் பெயர்ப் பட்டியல் அதனிடம் இருக்கிறது. கேட்ட பெயர் அதில் இருந்தால் 0.0.0.0 என்று பதில் வரும். அது எங்கும் போகாத முகவரி என்பதால் விளம்பரம் வீட்டுக்குள் இறங்குவதே இல்லை. டிவி, போன் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எதுவும் போட வேண்டியதில்லை. பட்டியலையும் அது வாரம் ஒரு முறை, ஞாயிறு அதிகாலையில், தானே புதுப்பித்துக்கொள்ளும்.

யூடியூப் ஏன் தப்புகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. அங்கே பாட்டும் விளம்பரமும் ஒரே சர்வர் பெயரிலிருந்து வருகின்றன. பெயரை மட்டும் பார்க்கிற பெட்டியால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஃபேஸ்புக் பதிவுகளுக்கு நடுவே வருகிற விளம்பரமும் அப்படித்தான். மகன் மேல் குறை இல்லை.

இனி கரண்ட் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2023 மாதிரி தினமும் லோட்ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) இப்போது இல்லை என்றாலும், கேபிள் திருட்டு, பெரிய மழை என்று டர்பனில் கரண்ட் போக ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நம்மில் பலர் மினி யுபிஎஸ் என்ற சின்ன பேட்டரிப் பெட்டி வைத்திருக்கிறோம். பை-ஹோல் பெட்டியை மட்டும் சுவர் பிளக்கில் விட்டிருந்தால், கரண்ட் போனதும் ரவுட்டர் உயிரோடு இருக்கும், பெயருக்கு முகவரி சொல்ல ஆள் இருக்காது. வீட்டில் எல்லோரும் நெட் போச்சு என்பார்கள். ஆகவே அதையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். மினி யுபிஎஸ்களில் 5 வோல்ட் யுஎஸ்பி வழி பெரும்பாலும் இருக்கும், ஆனால் எத்தனை ஆம்பியர் தரும் என்று பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4-க்கு 3 ஆம்பியர் சார்ஜர் போடச் சொல்கிறார்கள், சின்ன யுபிஎஸ் அதற்குப் போதாமல் போகலாம். இந்த வேலைக்குப் பழைய பை 3 அல்லது ஸீரோ 2 தாராளம். எங்கள் மியர்பேங்க் வீட்டில் பை 3-தான், டிவிக்குக் கீழே, ரவுட்டரிலிருந்து கேபிள் போட்டு வைத்திருக்கிறேன்.

கரண்ட் திடீரென்று அறுந்தால் பெட்டிக்குள் இருக்கும் மெமரி கார்டும் கெட்டுப்போகலாம். மகன் கிளம்பும் முன் பை-ஹோலின் செட்டிங்ஸில் டெலிபோர்ட்டர் என்ற இடத்தில் போய் எல்லா அமைப்பையும் ஒரு ஃபைலாக எடுத்து வைக்கட்டும். அதே அமைப்பைப் பதிந்து தயாராக வைத்த இன்னொரு கார்டும் டிராயரில் இருக்கட்டும்.

சில பையன்கள் இதற்குக் குறுக்குவழியாக ரவுட்டரில் இரண்டாவது டிஎன்எஸ் என்று கூகுளின் 8.8.8.8 போட்டுவிடுவார்கள். முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது வேலை செய்யும் என்று நினைப்பு. பல கருவிகள் அப்படிக் காத்திருப்பதில்லை, இஷ்டப்படி இரண்டிலும் கேட்கும். விளம்பரம் அந்த வழியாக வந்துவிடும். அப்படிப் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் மேலாக, பெட்டி கெட்டுப்போனாலும் அது இல்லாமலே நெட் வரவழைக்க ஒரு காகிதம் வேண்டும். ரவுட்டரின் முகவரி, பாஸ்வேர்டு, 'டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாற்று' என்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, இவ்வளவும் அவன் கையால் தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போகட்டும். போகும் முன் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்தக் காகிதத்தைப் பார்த்து நீங்களே ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். அவன் பக்கத்தில் உட்காரட்டும், கை வைக்கக் கூடாது.

அப்புறம், கூகுளில் தேடும்போது மேலே வரும் விளம்பர லிங்க்குகளை அழுத்தினால் திறக்காமல் போகலாம். கீழே இருக்கும் சாதாரண லிங்க்கை அழுத்தச் சொல்லுங்கள். ஏதாவது ஆப் மக்கர் செய்தால் பை-ஹோல் பக்கத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்கும் பட்டன் உண்டு, அந்த நேரம் முடிந்ததும் தடுப்பு தானே திரும்பிவிடும். மாமியாருக்கு மட்டும் இன்னொன்று சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற ஏமாற்று லிங்க் எல்லாம் பட்டியலில் இருக்காது. பெட்டி இருக்கிறதே என்று எதையும் அழுத்தக் கூடாது.

கேள்வி: பை-ஹோலில் யார் எந்தத் தளம் போகிறார்கள் என்று தெரிகிறதாமே? என் மகளுக்குப் பதினாறு வயது. அவளுக்குத் தெரியாமல் அவள் போனைக் கவனிக்க இதை எப்படி அமைப்பது?
வாசகர், லெனேசியா

பதில்: ஐயா, அமைக்கும் வழியை நான் சொல்லப் போவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

அந்தப் பதிவேட்டில் தெரிவது தளத்தின் பெயர் மட்டும். எந்தப் பக்கம், என்ன படித்தாள், யாரோடு பேசினாள் என்று எதுவும் தெரியாது. போன் சும்மா மேசைமேல் கிடந்தாலும் ஆப்புகள் பின்னால் நூற்றுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தாலே அவள் கேள்விப்பட்டிராத பத்துப் பெயர்கள் பதிவாகும். அதில் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு நீங்கள் மகளை விசாரித்தால், செய்யாததற்கு அவள் பதில் சொல்ல வேண்டிவரும். அதற்கப்புறம் நிஜமாகவே ஒரு தொல்லை வந்தாலும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டாள்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். எந்த வீட்டிலிருந்து எந்த எண்ணுக்குப் போன் போகிறது என்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பார்த்ததை வாய்விடக் கூடாது என்றுதான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று அந்த எக்ஸ்சேஞ்ச் உங்கள் ஹாலுக்கே வந்துவிட்டது. 2021 ஜூலை 1 முதல் கம்பெனிகளை நடுங்க வைக்கும் போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், வீட்டுக்குள் நடக்கும் சொந்த விஷயத்தில் தலையிடாது. அதனால் இதைச் செய்யாமல் இருக்க வேண்டியது நீங்கள்தான்.

பை-ஹோலின் செட்டிங்ஸில் பிரைவசி என்ற பகுதி இருக்கிறது. அங்கே தளங்களின் பெயரையும் கருவிகளின் பெயரையும் மறைக்கலாம், தடுக்கும் வேலை வழக்கம்போல நடக்கும். அதைப் போட்டுவிடுங்கள். ஆபாசத் தளங்களை அடைக்க வேண்டுமானால் அதற்குத் தனிப் பட்டியல்கள் உண்டு, சேர்க்கலாம். சேர்த்ததை மகளிடம் நேராகச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டை விட்டு வெளியே வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் விளம்பரம் திரும்ப வருகிறது. என்ன செய்யலாம்?
வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: வீட்டு வைஃபையை விட்டால் பை-ஹோலுக்கும் போனுக்கும் தொடர்பு இல்லை. ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் இருந்தால் நெட்வொர்க் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்று இருக்கும். அதில் ஆட்கார்டு என்ற கம்பெனியின் விளம்பரம் தடுக்கும் இலவச டிஎன்எஸ் பெயரை இட்டால் போதும், பெயர் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் போன் அதையே கேட்கும், பை-ஹோலைக் கேட்காது. வீட்டுப் பெட்டியேதான் வேண்டும் என்றால் வயர்கார்ட் என்ற விபிஎன் (பூட்டிய தனிவழி) போட்டு வெளியிலிருந்து வீட்டு நெட்டுக்குள் வரலாம். ஒன்று மட்டும் கண்டிப்பாக வேண்டாம்: ரவுட்டரில் டிஎன்எஸ் கேள்விகள் வரும் வாசலான போர்ட் 53-ஐ வெளியே திறந்துவிடாதீர்கள். இப்படித் திறந்து கிடக்கும் டிஎன்எஸ் பெட்டிகளைத் தேடிப் பிடித்து, அவற்றை வைத்து அடுத்தவர் சர்வரைத் தாக்குகிறார்கள். ஏற்கெனவே திறந்திருந்தால் இன்றைக்கே மூடுங்கள்.