சனி இரவை விட்டுவிட்டு ஞாயிறு காலை போங்கள்

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் டோக்கியோ போகிறோம். யோகோஹாமாவில் டைக்கொக்கு என்ற இடத்தில் இரவில் கார்ப் பைத்தியங்கள் கூடுவார்களாம். ஸ்கைலைன் ஜிடிஆர் என்ற வேகக் காரில் ஏற்றிப்போகும் ஆட்கள் கேட்கிற காசு எங்களுக்குக் கட்டாது. மலிவாக நாங்களே போய்ப் பார்க்க முடியுமா?
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: முடியும் தம்பி. ஆனால் ரயிலில் போய் இறங்கி நடந்து போகலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். டைக்கொக்கு மைதானமும் இல்லை, கண்காட்சியும் இல்லை. லொறிச் சாரதிகள் கொஞ்சம் கண்ணயர, கோப்பி குடிக்க, கழிப்பறை போக என்று அதிவேகப் பாதையோடு கட்டிய தரிப்பிடம். பாதையில் வருகிற வாகனம்தான் உள்ளே போகும். நடந்து போக வழியில்லை, முயன்றால் அது சட்டவிரோதம். ட்சுருமி ரயில் நிலையத்திலிருந்து டாக்சி எடுத்தால் போய்ச் சேரலாம். ஆனால் அந்த டாக்சியைக் காத்திருக்கச் சொல்லாமல் அனுப்பிவிட்டால், நடுச்சாமத்தில் யாரிடமாவது கெஞ்சித்தான் திரும்ப வேண்டும்.

மூன்று பேர் என்பதால் வாடகைக் கார்தான் கணக்குக்கு வரும். இங்கே மாதிரியே அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டம். இலங்கையும் ஜப்பானும் 1949ஆம் ஆண்டு ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில் இருக்கின்றன. அதனால் கொழும்பில் ஓட்டோமொபைல் அசோசியேஷனில் எடுக்கும் சர்வதேச சாரதிப் பத்திரம் அங்கே செல்லும். அதோடு நம்முடைய லைசன்ஸ், கடவுச்சீட்டு இரண்டும் கையில் இருக்கட்டும். கேய் ரகக் கார் கேளுங்கள். நம் தெருவெல்லாம் ஓடுகிற வேகன் ஆர் அந்த இனம்தான், 660 சிசி. சுப்ரா மாதிரி வேகக் கார்களுக்குப் பக்கத்தில் அதை நிறுத்த வெட்கமாயிருக்குமே என்கிறீர்களா? ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கார் வாடகைக்குத் தருகிறவரிடம் ஈடிசி அட்டையும், அதாவது பாதைக் கட்டணம் தானாகக் கழியும் அட்டையும், கேட்டு வாங்குங்கள். டோக்கியோ நகர அதிவேகப் பாதையில் அந்த அட்டை மட்டுமே எடுபடும் நுழைவாயில்கள் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் கொண்டுவந்த கட்டண முறையில் சாதாரணக் காருக்கு ஆகக் குறைந்தது 300 யென், ஆகக் கூடியது 1,950 யென் என்று வைத்தார்கள். எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்பதுதான் கணக்கு. இடையில் தரிப்பிடத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் அதற்குத் தனிக்காசு இல்லை, உள்ளே நுழைவுச்சீட்டும் இல்லை.

இனி நேரம். எல்லோரும் சனி இரவு என்பார்கள். நான் ஏலத்தில் வாகனம் எடுக்கப் போகிற ஆள். வேலை முடிந்த கையோடு சனி இரவும் போயிருக்கிறேன், ஞாயிறு காலையும் போயிருக்கிறேன். என் ஓட்டு காலைக்குத்தான். வார இறுதி இரவுகளில் கூட்டம் மிஞ்சினால் பொலிஸார் ஒலிபெருக்கியில் சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டு வாயிலை மூடிவிடுவார்கள். ஆசையாகப் போனவன் பாதையை விட்டு இறங்கும் அடுத்த வழி வரை ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். காலையில் அந்தத் தொல்லை குறைவு. வருகிறவர்களும் வயதானவர்கள், காரும் வயதானது. பொனட்டைத் திறந்துவைத்துவிட்டு ஆறுதலாக நிற்பார்கள். நீங்கள் ஆர்வமாகப் பார்த்தால், பாஷை தெரியாவிட்டாலும் இஞ்சினைக் காட்டித் தருவார்கள். மழை என்றால் போகவே வேண்டாம். யாரும் ஏற்பாடு செய்யாத கூட்டம், வராமல் விட்டால் யாரைக் கேட்பது?

இன்னொன்று. காசு வாங்கிக்கொண்டு சொந்தக் காரில் ஏற்றிப்போகிறேன் என்று வருகிறவர்களின் இலக்கத் தகட்டைப் பாருங்கள். டாக்சி போல வாடகைக்கு ஆள் ஏற்ற அனுமதி உள்ள வாகனத்துக்குப் பச்சைத் தகடு. வெள்ளைத் தகடு என்றால் பெரும்பாலும் அனுமதியில்லாத ஓட்டம். விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

கார் ஓட்டவே பயம் என்றாலும் வழி இருக்கிறது. டோக்கியோ விரிகுடாவின் நடுவில் உமிஹொத்தாரு என்ற தரிப்பிடத்தில் கவாசாக்கியிலிருந்தும் கிசராசுவிலிருந்தும் வருகிற சில பஸ்கள் நின்று போகும். யோகோஹாமா நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் நிஸான் தலைமையகக் காட்சிக்கூடம், இலவசம். ஸாமா என்ற ஊரில் அவர்களுடைய பழைய கார்க் களஞ்சியமும் இலவசம்தான், முன்கூட்டியே பதிய வேண்டும். ஜனவரியில் போவதாக இருந்தால் மக்குஹாரியில் நடக்கும் டோக்கியோ ஓட்டோ சலூன் கார்க் கண்காட்சியை விடாதீர்கள்.

படம் எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள், இலக்கத் தகட்டை மறைத்துப் போடுங்கள். வாடகைக் காரில் அக்ஸிலேட்டரை மிதித்துச் சத்தம் காட்டும் வேலை கண்டிப்பாக வேண்டாம். பொலிஸ் வாயிலை மூடுவது அதனாலும்தான்.

கேள்வி: ஜப்பானில் பழைய பார்ட்ஸ் கடையில் வாங்கிப் பெட்டியில் கொண்டுவரலாமா?
- பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகளுக்கு அலைந்து களைத்தவர், கொட்டாஞ்சேனை

பதில்: அப் கராஜ் கிளை ஒன்றைத் தேடிப் போங்கள், பழைய பொருள் நிறைய உண்டு. கியர் நொப், மீட்டர் மாதிரிச் சின்னச் சாமான் சரி. எயார்பேக் உள்ள ஸ்டியரிங்கை எடுக்காதீர்கள், அது வெடிபொருள் மாதிரி, பயணப் பெட்டியில் அனுமதி இல்லை. ரிம் வாங்கப் போகிறவர்கள் முதலில் எடையைப் பாருங்கள். விமானத்துக்குக் கட்டும் காசில் பஞ்சிகாவத்தையிலேயே நல்லதாக ஒரு சோடி எடுத்துவிடலாம்.